மயிரிழைக்குக் கீழே என்ன அசைகிறது?

படகை வாங்கப் போகிறவர் நண்பர். பார்த்துச் சொல்ல வேண்டியவன் நான். 30 அடி நீளப் பாய்மரப் படகு, வயது முப்பதைத் தாண்டிவிட்டது. கரையேற்றி, இருபுறமும் முட்டுக்கொடுத்து நிறுத்தியிருந்தார்கள். ஏணியில் ஏறி மேல்தளத்தில் கால் வைத்ததுமே நண்பரின் முகம் வாடிவிட்டது. படகின் முன்முனையான அணியத்திலிருந்து பாய்மரத்தின் அடிவரை வெள்ளைப் பரப்பு முழுக்க மெல்லிய கோடுகள். பழைய பீங்கான் தட்டின் மினுக்கு நுணுக்கமாக வெடித்திருக்குமே, அப்படி. "இது தேறாதுங்க, வாங்க போகலாம்" என்றார்.

அந்தப் படகில் பெரிதும் கவலைப்பட வேண்டிய விரிசல் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது மேல்தளத்தில் இல்லை. படகின் அடியில் துடுப்புபோல் இறங்கி நிற்கும் கனமான கீலின் பின்முனைக்கு ஒரு சாண் பின்னால், அடிப்பாகத்தில், பிறைபோல் லேசாக வளைந்த ஒரு கோடு. என் உள்ளங்கை நீளம்கூட வராது. தரையில் மல்லாந்து படுத்து, டார்ச்சைப் பரப்போடு சாய்த்துப் பிடித்த பிறகுதான் கண்ணில் பட்டது. மேலே ஆயிரம் கோடுகளைப் பார்த்துப் பயந்தவர், கீழே இருந்த ஒன்றைக் காட்டியபோது "இதுவா?" என்றார். இந்தக் கட்டுரை அந்த "இதுவா?"வுக்கான பதில்.

முதலில் ஒரு அடிப்படை. ஃபைபர் படகை வெளியிலிருந்து உள்நோக்கிக் கட்டுகிறார்கள். பளபளவென்று மெழுகிட்ட அச்சுக்குள் முதலில் ஜெல்கோட் என்னும் நிறமேற்றிய ரெசினை, அதாவது இறுகிக் கெட்டியாகும் பிசினைத் தெளிப்பார்கள். அது காயத் தொடங்கியதும் அதன்மேல் கண்ணாடி இழைப் பாய்களையும் நெய்த துணியையும் ரெசினில் ஊறவைத்து அடுக்கடுக்காகப் படியவைப்பார்கள். அச்சிலிருந்து எடுத்ததும் முதலில் தெளித்தது வெளித்தோலாகிவிடும். நாம் பார்ப்பதும் தொடுவதும் மெழுகு போட்டு மினுக்குவதும் இந்தத் தோலைத்தான். அதன் கனம் சுமார் அரை மில்லிமீட்டர். அதில் இழை கிடையாது, வெறும் ரெசின். ஆகவே வளையத் தெரியாது. உள்ளே இருக்கும் இழை அடுக்கு வளைந்து நிமிரும். மேலே இருக்கும் தோல் அந்த அளவுக்கு ஈடுகொடுக்காமல் வெடிக்கும். படகின் பலம் முழுக்க இழை அடுக்கில்தான் இருக்கிறது. ஜெல்கோட் அழகுக்கும், தண்ணீரையும் வெயிலையும் தாங்குவதற்கும்.

எனவே விரிசல் என்றாலே ஆபத்து என்று நினைப்பதும் தவறு, "ஜெல்கோட்தான், ஒன்றும் ஆகாது" என்று கையை உதறுவதும் தவறு. படகை விற்பவர்கள் இரண்டாவதைச் சொல்வார்கள். வாங்குபவர்கள் முதலாவதை நினைத்துத் தூக்கத்தைத் தொலைப்பார்கள். கோட்டைப் பார்த்ததும் நான் கேட்டுக்கொள்ளும் கேள்வி ஒன்றுதான்: இதற்குக் கீழே என்ன அசைகிறது, ஏன் அசைகிறது?

மேல்தளத்துக் கோடுகளையே எடுத்துக்கொள்வோம். அவற்றுக்குத் திசை இல்லை. எந்தத் துளையிலிருந்தும் எந்த இரும்புச் சாமானிலிருந்தும் அவை கிளம்பவில்லை. வலைக்கண் போல எல்லாப் பக்கமும் ஒரே சீராகப் பரவியிருந்தன. ஜெல்கோட்டைக் கனமாகத் தெளித்துவிட்டால் இப்படி ஆகும். அரை மில்லிமீட்டர் இருக்க வேண்டியது ஒரு மில்லிமீட்டரைத் தாண்டினால், வெயிலில் விரிந்தும் இரவில் சுருங்கியும் சில ஆண்டுகளிலேயே வலை விழும். 1959-இல் நியூயார்க் படகுக் கண்காட்சியில் அறிமுகமான டிரைட்டன் என்ற 28 அடிப் படகு எழுநூறுக்கும் மேல் கட்டப்பட்டது. அவற்றில் பல இன்றும் ஓடுகின்றன. அந்தக் காலத்துப் படகுகளின் மேல்தளத்தில் வலை இல்லாததைப் பார்ப்பதுதான் அரிது. கண்ணுக்கு உறுத்தும், அழுக்குப் பிடிக்கும். படகு அதனால் மூழ்காது.

திசை இருக்கும் கோடுகள் வேறு இனம். ஒரு புள்ளியிலிருந்து நாலாபக்கமும் கதிர்போல் கிளம்பினால், அந்தப் புள்ளியில் ஏதோ தள்ளியிருக்கிறது அல்லது இழுத்திருக்கிறது. பெரும்பாலும் உள்ளிருந்து வெளியே தள்ளும்போது கதிர் விழும், ஏனென்றால் அப்போதுதான் தோல் இழுபடுகிறது. வெளியிலிருந்து கனமான சாமான் விழுந்தால் வட்டத்துக்குள் வட்டமாக விழுவதை அதிகம் பார்த்திருக்கிறேன். சில சமயம் இந்த வட்டங்கள் படகு பிறந்த அன்றே விழுந்தவையாகவும் இருக்கும். அச்சிலிருந்து கழற்ற மறுக்கும் படகை ஆப்பு வைத்தும் தட்டியும் எடுக்கும்போது விழுந்த காயம் அது.

கோடுகள் ஒன்றுக்கொன்று இணையாக ஓடினால் நிமிர்ந்து உட்கார வேண்டும். பரப்பு வளைகிறது என்று அர்த்தம். தோல் எந்தப் பக்கமாக இழுபடுகிறதோ அதற்குக் குறுக்காகத்தான் கோடு விழும். படகின் வெளிப்பக்கத்தில் நேர்க்குத்தாக இரண்டு மூன்று கோடுகள் தெரிந்தால் உள்ளே போய் அதே இடத்தைப் பாருங்கள். பல்க்ஹெட் என்னும் குறுக்குச் சுவரின் விளிம்பு அங்கே இருக்கும். அலை அடிக்கும்போது சுற்றியுள்ள பரப்பு உள்வாங்குகிறது, சுவர் நிற்கும் இடம் மட்டும் அசையாமல் விறைப்பாக நிற்கிறது. விறைப்பும் நெகிழ்வும் சந்திக்கும் அந்தக் கோட்டில் தோல் வெடிக்கிறது. சுவரைப் படகோடு பிணைத்திருக்கும் ஃபைபர் பட்டையின் ஓரத்தில் மெல்லிய கத்தியை நுழைத்துப் பாருங்கள். நுழைந்தால் பிணைப்பு விட்டுவிட்டது. அதற்குப் பிறகு வெளியே தெரிந்த கோடு ஒரு பொருட்டே இல்லை. உள்ளே சுவர் தனியாக, படகு தனியாக இருக்கிறது என்பதுதான் விஷயம்.

படகை ஓட்டுபவர்கள் உட்காரும் பள்ளமான காக்பிட்டின் தரையும் இருக்கையும் சேரும் உள்மூலைகளில் கோடு இல்லாத பழைய படகு கிடையாது. குறுகிய வளைவில் அழுத்தம் குவியும், ஆட்கள் தினமும் அங்கேதான் ஏறி மிதிக்கிறார்கள். இருக்கையின் வெளிவிளிம்பில் விரலால் அழுத்தும்போது முட்டை ஓடுபோல் உள்ளே போனால், கட்டும்போது இழைப் பாய் அந்த ஓரத்தில் சரியாகப் படியாமல் காற்று தங்கிவிட்டது. சுரண்டி நிரப்பினால் தீர்ந்தது.

ஸ்டான்ஷன் அடியை மட்டும் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். படகின் ஓரமாக நாலு போல்ட்டில் நிற்கும், இடுப்புக்குக் கீழே வரும் கம்பி அது. ஏறுகிறவர்களும் இறங்குகிறவர்களும் பிடித்துத் தொங்குவது அதைத்தான். அரை மீட்டருக்கு மேல் நீளமுள்ள கம்பியின் உச்சியில் ஒருவர் தொங்கினால், அடியில் நெம்புகோல்போல் பல மடங்கு விசை விழும். நண்பர் பார்த்த படகில், இடப்புறம் பின்னாலிருந்து மூன்றாவது கம்பியின் அடித்தகட்டின் உள்பக்க மூலைகளிலிருந்து இரண்டு கோடுகள் கிளம்பி, விரல் நீளத்துக்கு ஓடியிருந்தன. நான் மண்டியிட்டு ஆள்காட்டி விரலைக் கோட்டின்மேல் வைத்துக்கொண்டு நண்பரிடம், "மெதுவா வெளிப்பக்கம் தள்ளுங்க" என்றேன். தள்ளினார். விரலின் கீழே கோட்டின் ஒரு கரை எழும்பியது. விட்டார், படிந்தது. மறுபடி தள்ளச் சொன்னேன். இந்த முறை கோட்டின் நடுவில் தண்ணீர் ஒரு பொட்டுபோல் ஊறி வந்தது. முந்தின நாள் மழை.

அந்த ஒரு பொட்டுத் தண்ணீர் சொன்னது நிறைய. பல படகுகளில் மேல்தளம் ஒரே கெட்டி ஃபைபர் அல்ல. மேலும் கீழும் ஃபைபர், நடுவில் பால்சா மரமோ ஃபோமோ பிளைவுட்டோ இருக்கும். போல்ட் துளை வழியாகவோ விரிசல் வழியாகவோ தண்ணீர் இறங்கினால் மரம் ஊறி, மக்கி, கடைசியில் கூழாகும். மேல் தட்டும் கீழ்த் தட்டும் ஒன்றையொன்று விட்டுவிட்டால் அந்தத் தளத்துக்கு விறைப்பே இருக்காது. அதன்பின் விரிசல் பெருகும், பெருகிய விரிசல் வழியே இன்னும் தண்ணீர் இறங்கும். வெளியே தெரிவது விரல் நீளம். உள்ளே எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்பதைத் தட்டித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

பானையைத் தட்டிப் பார்ப்பது போலத்தான். பிளாஸ்டிக் தலையுள்ள சின்னச் சுத்தியல் போதும், இல்லாவிட்டால் ஒரு நாணயத்தின் விளிம்பு. நல்ல இடம் "டக் டக்" என்று கூர்மையாகப் பதில் சொல்லும், கையில் துள்ளும். பிரிந்துபோன இடம் "தொப்" என்று அமுங்கும். குறுக்குச் சுவருக்கு மேலே ஒலி மாறும், உள்ளே பெட்டி இருந்தால் மாறும். அதனால் ஒரே ஒரு தட்டை வைத்து எதையும் முடிவு செய்யாமல், இடமும் வலமும் ஒரே இடத்தைத் தட்டி ஒப்பிட வேண்டும். அந்தக் கம்பியைச் சுற்றித் தட்டித் தட்டி, ஒலி மாறிய இடமெல்லாம் சாக்பீஸால் புள்ளி வைத்தேன். புள்ளிகளைச் சேர்த்தபோது முறம் அளவுக்கு ஒரு வட்டம் வந்தது. அடுத்த இரண்டு கம்பிகளைச் சுற்றி ஒன்றும் இல்லை. பழுது அந்த இடத்தோடு நின்றிருந்தது. அதைத் திறந்து, ஊறிய மரத்தை எடுத்துவிட்டு, அடியில் அகலமான தாங்குதகடு வைத்து மாட்டினால் சரியாகிவிடும்.

ஈரமானியைப் பற்றி ஒரு வார்த்தை. பலர் அது காட்டும் எண்ணைத் தீர்ப்பாகவே எடுத்துக்கொள்கிறார்கள். செம்பு கலந்த அடிப்பூச்சு, உள்ளே இருக்கும் உலோகம், உட்புறம் வியர்த்திருக்கும் ஈரம் எல்லாமே அதை ஏமாற்றும். நேற்றுத்தான் கரையேறிய படகில் அது காட்டும் எண்ணுக்குப் பொருளே இல்லை. சந்தேகமான இடத்தையும் சந்தேகமில்லாத இடத்தையும் ஒப்பிட மட்டும் நான் அதைப் பயன்படுத்துகிறேன். கடைசிச் சாட்சி துளைதான். உட்பக்கத்திலிருந்து, கீழ்த் தட்டை மட்டும் துளைத்து, வரும் தூளை விரலில் தேய்த்துப் பார்க்க வேண்டும். வெளிறிய உலர்ந்த தூள் வந்தால் நிம்மதி. கறுப்பாக, ஈரமாக, புளித்த வாடையோடு வந்தால் வேலை இருக்கிறது.

எந்தக் கோடு தோலோடு நிற்கிறது, எது உள்ளே போயிருக்கிறது என்று தெரிந்துகொள்ள நான் நம்பும் முறை இது. இடத்தைச் சுத்தமாகத் துடைத்துவிட்டு மையைத் தேய்த்து உடனே வழித்தெடுப்பேன். கோட்டுக்குள் மட்டும் மை தங்கும், கண்ணுக்குத் தெரியாத கிளைகளும் அப்போது தெரியும். (மை ஊறிய இடத்தைப் பின்னர் சுரண்டியே ஆக வேண்டும். அதனால் எப்படியும் திறக்கப்போகும் இடத்தில் மட்டும் தேய்ப்பது நல்லது.) பிறகு சுரண்டியின் கூர்மூலையால் கோட்டின் வழியே "V" வடிவப் பள்ளம் எடுப்பேன். அவசரப்படக்கூடாது. ஜெல்கோட்டின் வெள்ளை முடிந்து, அடியில் கண்ணாடித்தன்மையோடு லேசான பச்சையோ பழுப்போ தெரியும், அதுதான் இழை அடுக்கு. கோடு அங்கே மறைந்துவிட்டால் தோலோடு முடிந்தது. பள்ளத்தின் அடியிலும் கோடு தொடர்ந்தால், அல்லது இழை தெளிவாக இல்லாமல் பால்போல் வெளுத்திருந்தால், ரெசின் இழையை விட்டுப் பிரிந்திருக்கிறது. அந்த வெளுப்பு உட்பக்கத்திலும் தெரியும். பெயின்ட் பூசாத உள்சுவரில் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தால், அடிபட்ட இடம் மங்கலான வெள்ளைத் திட்டாகத் தெரியும். வெளியே ஒரு கோடும் இல்லாமல் உள்ளே மட்டும் வெளுத்திருந்த இடத்தையும் நான் பார்த்திருக்கிறேன்.

இனி அந்த உள்ளங்கை நீளக் கோட்டுக்கு வருகிறேன்.

படகு ஓடுகிற வேகத்தில் கீலின் அடி பாறையிலோ மணல்மேட்டிலோ மோதினால் என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள். கீழ்முனை பின்னால் தள்ளப்படுகிறது. டன் கணக்கில் எடையுள்ள படகு முன்னால் போகப் பார்க்கிறது. கீல் ஒரு நெம்புகோலாகித் தன் தலைப்பகுதியில் சுழலப் பார்க்கும். முன்பக்கப் போல்ட்டுகள் கீழே இழுபடும், பின்முனை படகின் அடிவயிற்றில் மேல்நோக்கிக் குத்தும். எனவே தரைதட்டிய படகின் காயத்தை மோதிய இடத்தில் மட்டும் தேடிப் பயனில்லை, கீலின் பின்முனையைச் சுற்றியும் தேட வேண்டும். பிறை வடிவக் கோடு அங்கே விழுவது அதனால்தான்.

விற்பவர் படகு ஒருநாளும் தரைதட்டியதில்லை என்றார். நான் கீலின் முன்விளிம்பைக் கையால் தடவிக்கொண்டே கீழே போனேன். அடிமுனைக்குச் சற்று மேலே பூச்சு திடீரென்று வழவழப்பாகியது. மற்ற இடமெல்லாம் ஆண்டாண்டாகப் பூசிய அடுக்குகளால் சொரசொரப்பாக இருந்தது. அங்கே மட்டும் பழுதுநிரப்பி வைத்து, தேய்த்து, மேலே பூசியிருந்தார்கள். அவர் பொய் சொன்னார் என்று நான் எண்ணவில்லை. அவருக்கு முன்பு வைத்திருந்தவர் காலத்தில் நடந்திருக்கலாம். ஆனால் படகு மோதியது உண்மை.

உள்ளே போய்த் தரைப்பலகைகளைத் தூக்கினோம். கீல் போல்ட்டுகளுக்கு இடையே குறுக்கே ஓடும் தாங்குவிட்டங்கள் படகின் அடியோடு ஃபைபரால் பிணைக்கப்பட்டிருக்கும். கடைசி விட்டத்தின் ஓரமெங்கும் பேனாவால் இழுத்தது போல ஒரு வெள்ளைக் கோடு. கத்தி நுழைந்தது. இரண்டு அங்குலம் போனது. நான் பேசாமல் கத்தியை நண்பரிடம் கொடுத்தேன். அவரும் நுழைத்துப் பார்த்தார்.

2014 மே மாதம் ஆண்டிகுவாவிலிருந்து சவுத்தாம்டனுக்குத் திரும்பிக்கொண்டிருந்த 40 அடிப் பாய்மரப் படகு சீக்கி ரஃபிக்கி, அட்லாண்டிக் நடுவே தண்ணீர் புகுகிறது என்று செய்தி அனுப்பியது. பின்னர் படகு கவிழ்ந்த நிலையில், கீல் இல்லாமல் கிடைத்தது. அதிலிருந்த நால்வரும் திரும்பவில்லை. பிரிட்டனின் கடல் விபத்துப் புலனாய்வுக் கிளை 2015-இல் வெளியிட்ட அறிக்கை, முன்பு நடந்த தரைதட்டல்களும் அவற்றுக்குப் பின் செய்த பழுதுபார்ப்புகளும் சேர்ந்து, கீல் பிணையும் இடத்தின் கட்டமைப்பைப் பலவீனமாக்கியிருக்கலாம் என்று சொல்கிறது. அடித்தளத்தோடு பசையிட்டு ஒட்டிய உள்சட்டகம் கொண்ட படகுகளில், பசை விட்டிருப்பதை வெளியிலிருந்து பார்ப்பது மிகக் கடினம் என்பதையும் அந்த விபத்து எல்லோருக்கும் உணர்த்தியது. அந்த நால்வரை நினைக்காமல் ஒரு படகின் அடியில் என்னால் படுக்க முடிவதில்லை.

கீலும் படகும் சேரும் விளிம்பிலேயே ஓடும் கோட்டை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். இரும்பும் ஃபைபரும் சேரும் இடத்தில் மேலே பூசிய நிரப்பி வெடிப்பது சகஜம். ஆனால் படகு தன் கீலின்மேல் நிற்கும்போதும் ஒருமுறை பார்க்க வேண்டும், கிரேன் பட்டையில் தொங்கும்போதும் ஒருமுறை பார்க்க வேண்டும். நிற்கும்போது மூடியிருந்த கோடு தொங்கும்போது வாய் திறந்தால் போல்ட்டுகளைப் பார்க்காமல் விடக்கூடாது. துருநிறத் தண்ணீர் வழிந்த தடம் இருந்தாலும் அப்படித்தான்.

நண்பர் உடனே மறுக்கவில்லை, உடனே வாங்கவும் இல்லை. கீலைக் கழற்றி, விட்டங்களின் பழைய பிணைப்பை முழுக்க நீக்கி, மறுபடி ஃபைபர் போட்டால் எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். விற்பவர் ஒப்புக்கொண்டார். வேலை நடந்தபோது போய்ப் பார்த்தேன். பிறைக் கோட்டைச் சுற்றி இழை அடுக்கைக் கனத்தில் 12 மடங்கு அகலத்துக்குச் சரிவாகத் தேய்த்து இறக்கியிருந்தார்கள். பழைய இழையும் புதிய இழையும் அவ்வளவு அகலத்தில் தழுவினால்தான் விசை கடக்கும். பள்ளத்தில் நிரப்பியை அப்பி மூடிவிடும் வேலை அது இல்லை.

தோல் விரிசலை ஜெல்கோட்டால் நிரப்புவது பெரிய வித்தை அல்ல. ஆனால் அசைவை நிறுத்தாமல் நிரப்பினால் அடுத்த பருவத்தில் அதே கோடு அதே இடத்தில் திரும்ப வரும். ஒரே ஸ்டான்ஷன் அடியில் மூன்று முறை நிரப்பிய தடத்தைப் பார்த்திருக்கிறேன். மூன்று முறையும் நிறம் அச்சு அசலாகப் பொருந்தியிருந்தது, அடியில் தாங்குதகடு மட்டும் கடைசிவரை வைக்கப்படவில்லை.

என் படகிலும் ஒரு கோடு இருக்கிறது. வலப்புறச் செயின்பிளேட்டின் அருகில். பாய்மரத்தை நிறுத்திப் பிடிக்கும் கம்பியை மாட்டுவதற்காக, மேல்தளத்தைத் துளைத்து இறங்கி உள்ளே குறுக்குச் சுவரில் பிணைந்திருக்கும் எஃகுத் தகடு அது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் கோட்டின் இரு நுனிகளிலும் பென்சிலால் குறுக்குக்கோடு போட்டுத் தேதி எழுதினேன். அளவுகோலை அருகில் வைத்துப் படமும் எடுத்தேன். கம்பியை இறுக்கும்போதும் தளர்த்தும்போதும் விரல் வைத்துப் பார்த்தேன், அசைவு தெரியவில்லை. தட்டினால் ஒலி சுத்தமாக இருந்தது. சென்ற ஆண்டும் அதே நிலை.

போன வாரம் உருப்பெருக்கிக் கண்ணாடியோடு பார்த்தபோது, முன்பக்க நுனி பென்சில் கோட்டைத் தாண்டி 4 மில்லிமீட்டர் போயிருந்தது. தளத்துக்குள் புதைந்து, காற்றுப்படாமல் ஈரத்தில் இருக்கும் பகுதியில்தான் துருப்பிடிக்காத எஃகும் அரிக்கும். அதை வெளியே எடுக்காமல் பார்க்க வழியில்லை. பாய்மரத்துக்கு மாற்றுக் கயிறு கட்டிவிட்டேன். நாளை காலை போல்ட்டுகளைக் கழற்றித் தகட்டை உருவி எடுக்கப் போகிறேன்.